பிளாஸ்டிக் தார்ச்சாலை, மில்லிங் கலவை, இடிபாட்டு ஜல்லி: கோளாறை வைத்துக் காரணம் பிடிப்பது

பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், நகராட்சி சாலை வேலைகளில் மறுபயன்பாட்டுப் பொருள் பெரும்பாலும் மூன்று வடிவில் வருகிறது. சூடான ஜல்லியின் மேல் பூசும் பிளாஸ்டிக் துகள் ஒன்று. பழைய சாலையை மில்லிங் மெஷினால் சுரண்டி எடுத்த தார்க் கலவை இன்னொன்று. கட்டட இடிபாட்டை உடைத்து எடுத்த ஜல்லி மூன்றாவது. மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்.

சாலை கெட்டதும் ‘பிளாஸ்டிக் போட்டாங்க, அதான்’ என்பதே முதல் பேச்சாக இருக்கும். 2002-இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈரோடு வீரபத்திரர் தெரு, மதுரை வண்டியூர் சாலை, விளாச்சேரி சாலை ஆகியவற்றிலும் போட்ட பிளாஸ்டிக் சாலைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008 வாக்கில் ஆய்வு செய்தபோது, அவை நல்ல நிலையிலேயே இருந்தன. ஆகவே பொருளைக் குறை சொல்லும் முன் ஈரம், சூடு, தூசி மூன்றையும் பாருங்கள். பத்தில் பெரும்பங்கு அங்கேயே முடிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர், கலவைக்குள் குத்தும் கம்பித் தெர்மாமீட்டர், கிராம் கணக்கு காட்டும் தராசு, ஒரு வாளி தண்ணீர், சின்ன கேஸ் அடுப்பு, ஓர் இரும்புச் சட்டி. துப்பாக்கித் தெர்மாமீட்டர் மேல்தோல் சூட்டை மட்டும்தான் சொல்லும் என்பதால் அதை மட்டும் நம்பி லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கோளாறு: கலவையில் பிளாஸ்டிக் உருண்டையாகவோ தனித்துகளாகவோ நிற்கிறது

ஜல்லியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக், தாருக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் திரண்டோ, வெட்டிய கோலத்திலேயோ கிடக்கும். இது கலவை தயாரிக்கும் பிளான்ட்டில் பிடிபட வேண்டிய கோளாறு. சாலையில் விரித்த பிறகு வழி இல்லை.

*துகள் ஈரமா, அளவு சரியா?* மகளிர் குழுவின் அரவைக் கூடத்திலிருந்து வரும் மூட்டையைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கழுவி, காயாமல் கட்டிய மூட்டை உள்ளே பிசுபிசுக்கும். அந்தத் துகள் ஜல்லியில் விழுமுன்னே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் வெயிலில் தார்ப்பாயில் பரப்பினால் போதும், செலவில்லாத தீர்வு. துகளின் அளவு 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. விரல் நீளத்துக்கு நாடா நாடாக வந்திருந்தால் அரவை மெஷினின் பிளேடு மழுங்கியிருக்கிறது அல்லது சல்லடையை எடுத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

*ஜல்லியின் சூடு போதுமா?* பிளாஸ்டிக் விழும் நேரத்தில் ஜல்லி 165 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 170-ஐத் தாண்டக் கூடாது. காலையில் முதல் இரண்டு மூன்று பேட்ச்சில்தான் உருண்டை வருகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால் காரணம் இதுதான்: ஜல்லியைச் சூடாக்கும் டிரம் இன்னும் சூடேறவில்லை. மழைக்கு நனைந்த ஜல்லிக் குவியலிலிருந்து அள்ளினாலும் இதே கதை. முதல் பேட்ச்சைப் பிளாஸ்டிக் இல்லாமல் ஓட்டி டிரம்மைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

*சூடு சரி, ஆனாலும் உருகவில்லையா?* அப்படியானால் தப்பான பிளாஸ்டிக். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் உருகச் சுமார் 250 டிகிரி வேண்டும். 165 டிகிரியில் அதன் ஓரம் சுருளுமே தவிர கல்லில் படியாது. கேரி பேக், பால் பாக்கெட் வகைதான் இந்த வேலைக்கு ஏற்றது. பிரித்துப் பார்க்க எளிய வழி: வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு ஒரு கைப்பிடித் துகளைப் போட்டுக் கலக்குங்கள். கேரி பேக், பால் பாக்கெட் வகை மிதக்கும். பாட்டில் வகையும் பிவிசி-யும் அடியில் போய் உட்காரும். அடியில் கணிசமாகத் தேங்கினால் அந்த மூட்டை வேண்டாம்.

*அளவில் குளறுபடியா?* இது அடிக்கடி நடப்பது. ஐ.ஆர்.சி. எஸ்.பி. 98 (இந்தியச் சாலைகள் காங்கிரஸின் பிளாஸ்டிக் சாலை வழிகாட்டி) சொல்வது தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம், கலவையின் எடையில் அல்ல. ஒரு டன் கலவையில் 5 சதவீதம் தார் என்றால் 50 கிலோ. அதில் 8 சதவீதம் 4 கிலோ பிளாஸ்டிக், மீதி 46 கிலோ தார். பத்து டன் டிப்பருக்கு 40 கிலோ. 3.75 மீட்டர் அகலத்தில் 25 மி.மீ. கனத்தில் ஒரு கிலோமீட்டர் போட்டால் சுமார் 216 டன் கலவை, அதற்கு 860 கிலோ பிளாஸ்டிக். வேலை முடிந்தபின் கிடங்கில் மீந்த மூட்டைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டாலே போட்டார்களா, கூடுதலாகக் கொட்டினார்களா, போடவே இல்லையா என்பது தெரிந்துவிடும். மூன்றாவதும் நடக்கிறது.

*போடும் இடமே தப்பா?* பேட்ச் பிளான்ட் (ஒவ்வொரு தடவையும் அளந்து கலப்பது) என்றால் ஜல்லி மிக்ஸருக்குள் விழுந்ததும், தார் விழுமுன், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பிளாஸ்டிக்கை மட்டும் சேர்த்துச் சுற்ற விட வேண்டும். நிற்காமல் ஓடும் டிரம் பிளான்ட்டில்தான் சிக்கல். ஜல்லி ஏறும் கன்வேயரிலேயே பிளாஸ்டிக்கையும் தூவிவிடுவார்கள். அது நேராகப் பர்னர் தீக்குள் போகிறது, பாதி எரிகிறது, மீதி உருண்டையாகிறது. தீயைத் தாண்டிய பகுதியில் குழாய் வழியாக ஊதி விட வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் பிளான்ட் கம்பெனியின் டெக்னீஷியனை வரவழைத்துப் பொருத்துங்கள். டிரம்மில் நீங்களே ஓட்டை போட்டு வெல்டிங் வைக்க வேண்டாம். தீயும் தார் ஆவியும் இருக்கிற இடம்.

எல்லாம் சரியாக இருந்தால் தார் விழுமுன் எடுத்த ஜல்லி எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். ஆறியபின் நகத்தால் சுரண்டினால் மெல்லிய தோல் வழுக்கும், பிய்ந்து வராது.

கோளாறு: பிளான்ட்டில் புகை, கண் எரிச்சல், மூக்கைத் துளைக்கும் நெடி

முதலில் பர்னரை நிறுத்துங்கள், ஆட்களைக் காற்று வரும் பக்கம் போகச் சொல்லுங்கள். காரணம் தேடுவது அப்புறம்.

*நீலப் புகை, கருகிய தார் வாசனை:* சூடு ஏறிவிட்டது. பிளான்ட் பேனலில் 165 காட்டுகிறதே என்று ஆபரேட்டர் சொல்லுவார். பேனலுக்குப் போகும் சென்சார் கரி படிந்து பொய் சொல்வது சாதாரணம். டிரம் வாயில் விழும் ஜல்லியில் கம்பித் தெர்மாமீட்டரைக் குத்தி ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சென்சாரைக் கழற்றித் துடையுங்கள், துடைத்தும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

*தொண்டையைப் பிடிக்கும் கார நெடி:* பிவிசி கலந்திருக்கிறது. சூட்டில் அது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும். எங்கிருந்து வருகிறது? குழாய்த் துண்டு, ஒயர் உறை என்று தேடுவார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் பேனர்தான். தேர்தலோ திருவிழாவோ முடிந்த வாரம் வரும் மூட்டைகளைக் கவனியுங்கள், தலைவர்களின் கண்ணும் மீசையும் துண்டு துண்டாக உள்ளே இருக்கும். சந்தேகம் என்றால் திறந்தவெளியில் இந்தச் சோதனை: ஒரு செம்புக் கம்பியைக் கேஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி, துகளில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது. மூட்டை முழுவதும் ஒதுக்கப்பட வேண்டியது. கறுப்புப் பிளாஸ்டிக்கும் வேண்டாம். பலமுறை உருக்கி மறுசுழற்சி செய்து ஓய்ந்த சரக்கு அது, வழிகாட்டியிலும் விலக்கப்பட்டிருக்கிறது.

யாருக்காவது இருமல் நிற்காமல் இருந்தால், மூச்சு இழுத்தால், பிளான்ட்டைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கோளாறு: லாரி வந்து சேரும்போதே கலவை இறுகிவிட்டது, ரோலருக்கு அடங்கவில்லை

விரித்த பரப்பு சொரசொரப்பாக, இடைவெளி தெரியத் திறந்து நிற்கும். ரோலர் போன பிறகும் ஜல்லி காலில் தட்டும். பிளாஸ்டிக் பூசிய கலவை ஆறினால் சாதாரணக் கலவையைவிட விறைப்பாகிவிடும், கிடைக்கும் நேரம் குறைவு. பழைய வேகத்தில் வேலை செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

விஜி-30 தரத் தாருக்குக் கலவை பிளான்ட்டை விட்டுப் புறப்படும்போது 150 முதல் 165 டிகிரி, விரிக்கும்போது 140-க்குக் குறையாமல், உருட்டி முடிக்கும்போது 90-க்குக் குறையாமல். இந்த மூன்று இடத்திலும் எழுதிவைத்தால் சூடு எங்கே போகிறது என்பது தானே தெரியும்.

புறப்படும்போதே குறைவா? பிளான்ட் கோளாறு. புறப்பாடு சரி, வந்து சேரும்போது குறைவா? தார்ப்பாய். இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், ஓரம் கட்டியிருக்கிறதா, கிழிசலா என்று ஏறிப் பாருங்கள். வந்து சேர்ந்ததும் சரி, உருட்டும்போது ஆறிவிட்டதா? ரோலர் எங்கேயோ நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கலாம், ஒரே ரோலரை இரண்டு சைட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு டிப்பர் ஒன்றாக வந்து இரண்டாவது காத்துக் கிடப்பதும் உண்டு, அதற்குப் பிளான்ட்டுக்கு ஒரு போன் போதும்.

இறுகிய கலவையைத் தகரத்தில் போட்டு விறகு மூட்டிச் சூடாக்குவதும், டீசல் தெளித்து இளக்குவதும் வேண்டாம். டீசல் பட்ட தார் பிடிப்பை இழக்கும், அந்த இடம் முதல் மழைக்குப் போய்விடும். ஆறிய லோடைத் திருப்பி அனுப்புவதுதான் மலிவு. மனசு வராது, ஆனாலும் அனுப்புங்கள்.

கோளாறு: முதல் மழையிலேயே ஜல்லி பெயர்கிறது

அதிகம் திட்டு வாங்கித் தருவது இதுதான். ஐப்பசி மழைக்குமுன் வேலையை முடித்துவிட வேண்டுமென்று அவசரமாகப் போட்ட சாலை, கார்த்திகையில் சைக்கிள் போனாலே கல்லை உதிர்க்கும். சரிசெய்யத் தொடங்குமுன் சாலை முழுவதும் நடந்து, எங்கே பெயர்ந்திருக்கிறது என்று சாக்பீஸில் வட்டம் போடுங்கள். பெயர்ந்த இடங்களின் அமைப்பே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

*ஓரத்திலும் இணைப்பிலும் மட்டும்:* உருட்டல் குறைவு. பேவர் (கலவை விரிக்கும் மெஷின்) ஓரத்தில் கலவை மெல்லியதாக விழுந்து சீக்கிரம் ஆறியிருக்கும். ஷோல்டரில் (தாருக்கு வெளியே உள்ள சாலையோரப் பகுதி) மண் நிரப்பாமல் விட்டிருந்தால் ஓரத்துக்குப் பிடிமானமே இல்லை. ஷோல்டரை நிரப்பி, ஓரத்தை வெட்டி எடுத்துப் புதிய கலவை வைத்தால் போதும்.

*பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு விட்டு விட்டு:* ஒரு லோடு கெட்டிருக்கிறது. பிளான்ட் ரசீதில் அந்த லாரி எண்ணையும் நேரத்தையும் தேடுங்கள். காலை முதல் லோடாகவோ மழைத் தூறலில் வந்த லோடாகவோ இருக்கும். அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போடலாம். ஆனால் லாரி ரசீதைச் சாலையின் நீளத்தோடு சேர்த்து யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் இந்தக் கோளாறு அரை மணி நேர வேலை.

*தண்ணீர் தேங்கும் இடங்களில் மட்டும்:* பெட்டிக்கடை வாசல், குழாயடி, வாய்க்கால் அடைத்த திருப்பம். சாலையைத் தொடாதீர்கள், முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள். பிளாஸ்டிக் பூச்சு தண்ணீரை அண்டவிடாது என்பது உண்மைதான், அதற்காகச் சாலை குளத்துக்குள் கிடக்கலாம் என்று அர்த்தமில்லை.

*எங்கும் ஒரே சீராக:* இதுதான் கவலைக்குரியது. மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் தூசி. பெயர்ந்த கல்லை எடுத்துப் பாருங்கள். கல்லின் ஒரு பக்கம் சாம்பல் பூத்து, தார் தோலாகக் கழன்றிருந்தால் கிரஷர் டஸ்ட் ஒட்டிய கல். தார் தூசியைத்தான் பிடித்திருக்கிறது, கல்லைப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக்கும் அப்படியே. பிளாஸ்டிக் துகளிலும் மண், தூசி 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குப்பைக் கிடங்கிலிருந்து நேராக அரைத்த சரக்கில் அது எளிதில் தாண்டிவிடும்.

அடுத்து கொதிநீர்ச் சோதனை. இடிக்காமல் பெயர்ந்து வந்த கலவையில் கொஞ்சத்தைச் சட்டியில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்துக் காகிதத்தில் பரப்பினால், வெறும் கல் எங்கெங்கே தெரிகிறது என்பது கண்ணுக்கே புலப்படும். கன்னங்கரேலென்று அப்படியே இருந்தால் பூச்சில் குறையில்லை, உருட்டலையோ தாரின் அளவையோ சந்தேகியுங்கள். கற்கள் பளிச்சென்று வெளுத்து வந்தால் ஒட்டும் தன்மைதான் போயிருக்கிறது. இது கண் திட்டம் மட்டும். பில்லை நிறுத்துவதற்கு முறையான சோதனை வேண்டும்: 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, 95 சதவீதப் பரப்பிலாவது பூச்சு நிற்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள்.

அதன் பிறகு தாரின் அளவு. ஒப்புக்கொண்ட அளவிலிருந்து 0.3 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதா என்று தார் பிரித்தெடுக்கும் சோதனையில் தெரியும். பிளாஸ்டிக் கலவையில் இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. பிளாஸ்டிக்கைக் காட்டித் தாரைக் குறைத்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக்கையும் போடாமல் விட்டிருந்தால், தாரில் 8 சதவீதம் காணாமல் போயிருக்கும். சாம்பிள் கொடுக்கும்போது ‘பிளாஸ்டிக் கலந்தது’ என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும்.

*சக்கரத் தடத்தில் மட்டும்:* கூடவே வலைப்பின்னல் வெடிப்பும் இருந்தால் மேல் அடுக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடித்தளம் அசைகிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் அதே இடத்தில் திரும்ப வரும். பெங்கல்மேன் பீம் வைத்து அமுங்கலை அளக்கச் சொல்லுங்கள், கோர் (உருளைத் துண்டு) வெட்டி ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் பாருங்கள். இந்த இடத்தில் கிண்டியிலுள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, பக்கத்து அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் ஆய்வகத்துக்கோ கடிதம் எழுதிவிடுவது நல்லது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) முடியாத சாலை என்றால் உங்கள் பணத்தில் ஒட்டுப் போடத் தொடங்குமுன் ஒப்பந்ததாரருக்கு எழுதுங்கள். ஒட்டுப் போட்ட பிறகு ‘நீங்கள் தொட்டதால் கெட்டது’ என்ற பதில்தான் வரும்.

கோளாறு: மேல் அடுக்கு அட்டை அட்டையாகக் கழன்று வருகிறது

கல் தனித்தனியாகப் பெயராமல், பெரிய துண்டாக அப்படியே கையோடு வந்தால் டாக் கோட்டை (இரண்டு அடுக்கும் ஒட்டத் தெளிக்கும் தார்ப் பசை) தேடுங்கள். துண்டைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள்.

அடியில் செம்மண்ணோ சாம்பல் தூசியோ படிந்திருந்தால் கூட்டாமல் போட்டிருக்கிறார்கள். மில்லிங் செய்த சாலையில் இது நிச்சயம் வரும். சுரண்டிய பள்ளக் கோடுகளுக்குள் அடைந்த தூசி துடைப்பத்துக்கு வராது, கம்ப்ரஸர் வைத்து ஊத வேண்டும். அடி பழுப்பாக, ஈரமாக இருந்தால் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) உடைந்து தண்ணீர் பிரியுமுன் கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். தெளித்தபோது காபிப் பழுப்பாக இருக்கும் எமல்ஷன் முழுக்கக் கறுப்பாக மாறிய பிறகுதான் டிப்பர் மேலே ஏற வேண்டும். அடி சுத்தமாக இருந்து, பசையே தெரியவில்லை என்றால் தெளிக்கவே இல்லை, அல்லது மக்கில் அள்ளி விசிறியிருக்கிறார்கள். பழைய தார்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ. ஒரு மீட்டர் சதுரக் காகித அட்டையைத் தரையில் போட்டு, ஸ்பிரேயர் போன பின் எடை பார்த்தால் விவாதம் முடிந்துவிடும்.

சின்னத் துண்டுகளுக்கு வெட்டி, ஊதி, தெளித்து, மறுபடி போடுங்கள். பாதிச் சாலை கழன்றால் முழு அடுக்கையும் சுரண்டி எடுத்துவிட்டுத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. எடுத்ததை வீணாக்காமல் அடுத்த கோளாறைப் படித்துவிட்டுக் குவித்து வையுங்கள்.

கோளாறு: மில்லிங் கலவை சேர்த்த சாலை வறண்டு வெடிக்கிறது

போட்ட சில மாதத்திலேயே நிறம் வெளிறி, முடி அளவு வெடிப்பு குறுக்கும் நெடுக்குமாக ஓடும்.

*பழைய கலவை நனைந்ததா?* வெட்டவெளியில் கிடக்கும் குவியல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மேலே காய்ந்ததுபோல் தெரியும். உள்ளிருந்து ஒரு கிலோ எடுத்துச் சட்டியில் மிதமான தீயில் கிளறி, ஆவி நின்றதும் எடை பாருங்கள். 950 கிராமுக்கு வந்தால் 5 சதவீதம் தண்ணீர். அதைக் காயவைக்கவே பர்னரின் சூடு முழுவதும் போகும், புதுத் தார் பழைய கல்லில் ஏறாது. குவியலுக்குக் கூரை போடுங்கள். கூரையில்லாவிட்டால் குவியலைக் கூம்பாக வையுங்கள், மேலே பள்ளம் விடாதீர்கள். டிப்பரை ஏற்றி மிதிக்கவும் வேண்டாம். சித்திரை வெயிலில் மிதிபட்ட குவியல் பாறையாகிவிடும்.

*கட்டியோடு போட்டார்களா?* வெட்டிப் பார்த்தால் கலவைக்குள் பழைய சாலையின் துண்டு அப்படியே தெரியும். சல்லடையில் தள்ளி, நிற்கும் கட்டிகளை உடைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

*பழைய தாரை முழுசாகக் கணக்கில் கழித்தார்களா?* என் கணிப்பில் முக்கியக் காரணம் இதுதான். ஒரு டன் கலவையில் 300 கிலோ பழையது, அதில் 4 சதவீதம் தார் என்றால் 12 கிலோ. ‘50-இல் 12 போக 38 கிலோ புதுத் தார் போதும்’ என்று எழுதிவிடுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் வெயில் குடித்த தார் முழுதும் இளகிப் புதுக் கலவையோடு சேராது. ஒரு பகுதி கல்லோடு கல்லாக நின்றுவிடும். எவ்வளவு கழிக்கலாம், இளக்கும் எண்ணெய் சேர்ப்பதா, இளகிய தரத் தாருக்கு மாறுவதா என்பதைப் பழைய தாரைப் பிரித்தெடுத்துச் சோதித்த பிறகே ஆய்வகம் சொல்ல முடியும். ஐ.ஆர்.சி. 120 இதற்கான வழிகாட்டி. பக்கத்து ஒன்றியத்தில் செய்த கலவை விகிதத்தை வாங்கிப் போடாதீர்கள். அவர்கள் சுரண்டிய சாலை வேறு, உங்கள் சாலை வேறு.

*பிளான்ட் ஏற்றதா?* டிரம்மின் நடுவில் பழைய கலவைக்கென்று தனி வாய் இல்லாத பிளான்ட்டில் அது தீக்குள் விழுந்து நீலப் புகையாகப் போகும், மீந்த தார் கருகும். அப்படிப்பட்ட பிளான்ட்டை வைத்துக்கொண்டு மேல் அடுக்கில் இதைச் சேர்க்கவே வேண்டாம் என்பேன். ஷோல்டருக்கும் அடித்தளத்துக்கும் பயன்படுத்துங்கள். பொருளும் வீணாகாது, சாலையும் பிழைக்கும்.

ஏற்கனவே விழுந்த முடி வெடிப்புக்கு எமல்ஷன் சீல் போட்டு மழையைத் தாண்டலாம். விரல் நுழையும் வெடிப்பு என்றால் சீலைக் கேட்காது.

கோளாறு: அக்னி நட்சத்திரத்தில் தார் மேலே மிதக்கிறது

செருப்பு ஒட்டும், சக்கரத் தடம் பளபளக்கும். பிளாஸ்டிக் சாலையில் இது குறைவாகத்தான் வரும். வந்தால், பிளாஸ்டிக்குக்குத் தாரைக் குறைக்காமல் அதன் மேலேயே போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் டாக் கோட் குளமாக நின்றிருக்கிறது. பட்டப்பகலில் சூடான மணலையோ பொடி ஜல்லியையோ தூவி ரோலர் ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் அடங்காவிட்டால் மேல் அடுக்கைச் சுரண்ட வேண்டும்.

கோளாறு: இடிபாட்டு ஜல்லி போட்ட அடித்தளம் ரோலருக்குக் கீழே அமுங்கி எழுகிறது

*தண்ணீர் அதிகமா, குறைவா?* உடைத்த கான்கிரீட்டும் செங்கலும் கருங்கல்லைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். லாரித் தண்ணீரைப் பழக்கத்தில் பீய்ச்சிவிட்டு உடனே உருட்டினால் மேலே சேறு, உள்ளே வறட்சி. முதல் நாள் மாலையே நனைத்துவிட்டு மறுநாள் உருட்டுங்கள். ஏற்கனவே அமுங்குகிறது என்றால் ரோலரை நிறுத்திக் கிளறிக் காயவிட்டாலே பாதி இடம் தேறிவிடும்.

*உள்ளே என்ன இருக்கிறது?* பத்துக் கிலோ அள்ளிச் சாக்கில் கொட்டிக் கையால் பிரியுங்கள். மரத்துண்டு, ஜிப்சம் சீலிங், தெர்மாகோல், பூச்சுச் சுண்ணாம்பு தனியாக. செங்கல் தனியாக. கான்கிரீட் தனியாக. மரமும் ஜிப்சமும் கண்ணில் பட்டாலே அந்த லோடு கூடாது. செங்கல் மிகுந்திருந்தால் ரோலர் போகப் போக மாவாகும், மாவான அடித்தளம் மழைக்கு நிற்காது. சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி ஆலைகளில் பிரித்து உடைத்த சரக்குக்கும், ஊர் எல்லையில் ஜேசிபி-யால் மிதித்து நொறுக்கிய இடிபாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சாக்கிலேயே தெரியும்.

*மண் கலந்ததா?* நுண்துகளை நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். திரி திரியாக நீண்டு வந்தால் களிமண். கீழ் அடித்தளத்துக்குப் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (களித்தன்மையின் அளவு) 6-ஐத் தாண்டக் கூடாது, அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரி என்று தோன்றினால் சுமை ஏற்றிய டிப்பரை மெதுவாக ஓட்டி, பின்சக்கரத்தின் பின்னால் நடந்து வாருங்கள். எங்கே தரை அலை எழுப்புகிறதோ அங்கே கொடி நடுங்கள். கொடி நட்ட இடங்களில் மணல் மாற்று முறையில் (குழி தோண்டி, அதை நிரப்பும் மணலை வைத்து அளப்பது) அடர்த்தி எடுங்கள். ஆய்வக அடர்த்தியில் 98 சதவீதம் வந்தும் அமுங்கினால் கோளாறு அதற்கும் கீழே, பழைய குளத்து மண்ணிலோ உடைந்த குழாயிலோ இருக்கிறது. அந்த இடத்தில் ஜியோடெக் (மண் பொறியியல்) ஆளை அழைக்காமல் தார் போடக் கூடாது.

கோளாறு: சாலையில் குறையில்லை, ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது

மேல் மேலே போட்டு உயர்த்திய சாலை. 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுசு போட வேண்டும் என்று உத்தரவிட்டது இதற்காகத்தான். சுரண்டியதாகப் பில்லில் இருக்கும், சாலை உயரம் குறைந்திருக்காது.

பார்க்க வேண்டியது மேன்ஹோல் மூடி. மூடி சாலைக்குக் கீழே பள்ளமாக இருந்தால் சுரண்டவில்லை, அல்லது சுரண்டியதைவிடக் கனமாகப் போட்டிருக்கிறார்கள். சாலைக்கு மேலே துருத்தி நின்றால் சுரண்டியபின் போடவேண்டிய கனம் வரவில்லை. வேலை தொடங்குமுன் பத்து வீட்டு வாசற்படியிலிருந்து சாலை நடுவுக்கு உயர வித்தியாசத்தை டேப்பும் டியூப் லெவலும் வைத்து எடுத்து, வாசல் சுவரில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். முடிந்த பிறகு அதே கோட்டிலிருந்து அளந்தால் போதும்.

சுரண்டியபின் சாலையை வாரக்கணக்கில் போக்குவரத்துக்கு விட்டுவைக்காதீர்கள், மெலிந்த பரப்பு மழையில் குழியாகும். ஏற்கனவே மழைநீர் வடிகாலைவிடச் சாலை தாழ்ந்து, தண்ணீர் திரும்பி வருகிற தெருவில் மில்லிங் மெஷினைக் கூப்பிடுமுன் ஆட்டோ லெவல் வைத்திருக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள். அங்கே சுரண்டச் சுரண்டத் தண்ணீர் கூடும், வடிகாலைத் தாழ்த்துவதுதான் வேலை.